தலைக்கு ஒரு கத்தரிக்கா

பல்லி விழலத்தா. விழலதான். அண்டாவுக்குள்ள பல்லி கெடக்குன்னு ஊரு முன்னாடி, பெரிய டீச்சரு முன்னாடி, காண்ட்ராக்டர் ராசமாணிக்கம் முன்னாடி, முப்பத்தாறு புள்ளைக முன்னாடி கத்துனது நான்தான், அது பொய்தான், அத நான் எப்பயும் இல்லைன்னு சொன்னதில்ல. ஆனா பல்லி பொய்யிங்கிறதுக்காகக் கத்தரிக்காயும் பொய்யின்னு சொல்றியே சுகன்யா, அது எந்த ஊரு நியாயம்? நீ மதுரையில குடியிருந்துட்டுப் போன மாசம்தான் புருசனோட இந்த மஞ்சணேந்தலுக்கு வந்தவ. நான் இருபத்தாறு வருசம் இந்தப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கிப் போட்டவ. ராக்கு ஆயான்னு சொன்னா இந்த ஊருல முப்பது வயசுக்குக் கீழ இருக்கிற அம்புட்டுப் பேரு வயித்துக்கும் தெரியும். உக்காரு. காலையில வந்தவ நின்னுக்கிட்டே சண்ட போடாத. உக்காந்து சண்ட போடு.

பெரிய டீச்சரா டெய்சி ராணி டீச்சரு வர்றதுக்கு முன்னாடி எங்க சாம்பார்ல காயைத் தேடித்தான் பாக்கணும். டவுனுச் சந்தையில மிஞ்சுனது மூட்டையில வரும், பாதி அழுகல், மீதி வதங்கல், புள்ளைக அத ஓரமா ஒதுக்கிட்டு முட்டைய மட்டும் முழுங்கிட்டு, கையக் கழுவுன ஈரம் காயிறதுக்குள்ள செல்லையா கடைக்கு ஓடி, பளபளன்னு சரமாத் தொங்குற பொட்டலத்தப் பிச்சு, வெரலெல்லாம் செவப்பா நக்கிக்கிட்டுத் திரியும். டீச்சரு வந்த மறுவாரம் அண்டாவுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஆயா, இந்த ஊருல வெளையுறது ஒண்ணுகூட ஏன் இதுக்குள்ள வரல?"ன்னு கேட்டாக. "டீச்சர், இது கவர்மெண்டு அண்டா"ன்னேன். அவுக அரை மணி நேரம் சிரிச்சாக. சிரிச்சு முடிச்சுட்டு, ஒவ்வொரு புள்ளையும் வீட்டுலேருந்து ஒரு பிடி வெதை கொண்டாரணும்னு சொல்லிட்டாக.

எங்க ஊருல வெதைக் கத்தரிய நல்லாப் பழுக்கவிட்டு, வெதையப் பிதுக்கிச் சாணியில பெசஞ்சு, செவத்துல தட்டி வைப்போம். வீட்டுக்கு வீடு செவத்துல அப்படி ஒரு வட்டம் காஞ்சு கெடக்கும். புள்ளைக அதப் பேத்து எடுத்துக்கிட்டுப் போச்சுக. முப்பத்தேழு புள்ளை, முப்பத்தேழு வட்டம். அந்தச் செவத்த இடிச்சுச் சிமிண்டு வச்சுப் பூசுன வீட்டுக்காரவுக மட்டும் பக்கத்து வீட்டுல கடன் கேட்டாக. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, கை கழுவுற தண்ணி போய்ச் சேர்ற எடத்துல பாத்தி கட்டி, புள்ளைகளே ஊனி, புள்ளைகளே தண்ணி ஊத்துச்சுக. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை டீச்சரு நாக்குப் பாடம் நடத்துவாக. கண்ணைத் துண்டால கட்டிவிட்டு, ஒரு வாய் வரகு, ஒரு வாய் சாமை, ஒரு வாய் குதிரவாலின்னு ஊட்டி, எது எதுன்னு சொல்லச் சொல்லுவாக. பொட்டலத்துல அச்சடிச்சிருக்கிறத வாசிக்கச் சொல்லி, வாயில நொழையாத பேரு எத்தனைன்னு எழுதச் சொல்லுவாக. அதுக்கப்புறம் இதுக வீட்டுக்குப் போயி பெத்தவுகளப் படுத்துன பாடு இருக்கே! மூணாப்பு படிச்ச புள்ள ஒண்ணு, தர்ணிகான்னு பேரு, எனக்கு வாயில நொழையாது, தரணின்னுதான் கூப்பிடுவேன், அது அவுக அப்பன் கலர் குடிக்கும்போது எதுக்க நின்னுக்கிட்டு, "இது சட்டையில பட்டாலே போக மாட்டேங்குது, வயித்துல பட்டா மட்டும் போயிருமாப்பா?"ன்னு கேட்டுருக்கு. அந்த மனுசன் பாட்டிலக் கீழ வச்சவன்தான். செல்லையா எங்கிட்ட வந்து, "மதினி, உங்க டீச்சரு எங் கடையில வெளக்கேத்த விடாம பண்ணிருவாக போல"ன்னு மூக்கச் சிந்துனான். பெறகு அவனே கடலையும் பொரிவெளங்கா உருண்டையும் கட்டித் தொங்கவிட்டான்னு வையி.

சரி, காய்க்கு வாரேன். மொதப் பறிப்புக்குக் கூடையோட நான்தான் போனேன். எண்ணிக்கிட்டே பறிச்சேன். எங்க வீட்டுக்காரரு களத்துல நெல்லு அளக்கையில மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு, லாபம்னுதான் ஆரம்பிப்பாரு, லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். எங்க கல்யாணத்துல தாலி முடிச்சையும் அப்படித்தான் எண்ணுனாருன்னு என் நாத்தனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எனக்கும் அந்தப் பழக்கம். லாபம், ரெண்டுன்னு பறிச்சு முப்பத்தேழுல நின்னுச்சு. மத்ததெல்லாம் பூவும் பிஞ்சுமா இருந்துச்சு. அன்னிக்கு வந்தது முப்பத்தேழு புள்ளை. சரி, நல்லதுன்னு காம்பு கிள்ளாம முழுசா நாலாக் கீறி, கொழம்புல போட்டு, தலைக்கு ஒண்ணா வச்சேன். மறுநா முப்பத்தஞ்சு. ரெண்டு புள்ளைக்குக் காய்ச்சல், வரல. அதுக்கு மறுநா முப்பத்தாறு. ஒரு பய அவுக மாமன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டான். சனி ஞாயிறு ஒண்ணுகூடக் கெடையாது, எல்லாம் பிஞ்சா நிக்கும். திங்கக்கெழமை விடிஞ்சா வந்து நிக்கும், தலைக்கு ஒண்ணு.

ஒருக்கா முப்பத்தெட்டு இருந்துச்சு. நான் மூணு தரம் எண்ணுனேன். பதினோரு மணிக்கு மேலேருந்து ஒரு அதிகாரி சொல்லாம கொள்ளாம வந்து எறங்குனாரு, சத்துணவு எப்படி இருக்குன்னு தின்னு பாக்கணும்னாரு. சொல்லாம வந்த மனுசனுக்குத் தோட்டம் எடுத்து வச்சிருக்கு, பாத்துக்க.

நீ வாயப் பொளக்குற மாதிரி அன்னிக்கு யாரும் பொளக்கல. முட்டை தலைக்கு ஒண்ணு வருது, கத்தரிக்கா தலைக்கு ஒண்ணு வருது, அம்புட்டுத்தான். முட்டையக்கூடத் திருடு போகாம இருக்கச் சீல் குத்தி அனுப்புறாக, இதுக்குச் சீலும் வேணாம். டீச்சரு ஹாஜர் நோட்டத் தொடுறதுக்கு முன்னாடி, "ஆயா, இன்னிக்கு எத்தனை?"ன்னு என்னையக் கேப்பாக. ரெண்டு கொறையுதுன்னா யாரு வரலேன்னு பாத்து ஆள் அனுப்புவாக. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

இப்பச் சொல்றத நல்லாக் கேளு. இதுல பல்லியும் இல்ல, பொய்யும் இல்ல.

தை மாசம், ஒரு புதன்கெழமை. எட்டு மணிக்குப் பறிச்சேன், முப்பத்தாறு. ஒண்ணு கொறை. எம் மவ வயித்துப் பேத்தி சாதனாவும் இதே பள்ளிக்கூடம், அதுக்கு முந்தின நாளே இருமல். அய்யோ நம்ம புள்ளையோன்னு வீட்டுக்கு ஓடியாந்தேன். அது குளிச்சுப் பொட்டு வச்சு, பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பி நிக்குது. எனக்கு உசுரு வந்துச்சு. சரி, நம்ம புள்ள இல்ல, வேற யாருக்கோ காய்ச்சலா இருக்கும்னு நெனச்சேன். நெனச்சுட்டு, அடுப்பப் பத்த வச்சு, மொளகா அரைக்க உக்காந்துட்டேன். டீச்சருக்கு அன்னிக்கு டவுனுல மீட்டிங்கு, எத்தனைன்னு கேக்க ஆளில்ல. நானாப் போயிச் சின்ன டீச்சர்ட்டச் சொல்லல. ஏன்னா என் புள்ள இருக்குல்ல. என் புள்ள இருக்கும்போது கொறையுறது யாருன்னு எனக்கு என்ன?

தரணி வீட்டுலேருந்து கெளம்புனது எட்டரைக்கு. எட்டு மணிக்கு எனக்குத் தெரிஞ்சிருச்சு, எட்டரைக்குத்தான் அந்தப் புள்ள வாசப்படி தாண்டுது. நடுவுல முழுசா அரை மணி நேரம் என் கையில இருந்துச்சு. ஊருணிப் படியில செருப்பக் கழுவ எறங்கியிருக்கு, பாசி வழுக்கி உள்ள போயிருச்சு. மத்தியானம் தட்டு நீட்டயிலதான் அது இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு.

அழாத. நீ எதுக்கு அழுகுற? இன்னும் கதை முடியல.

அதுக்கப்புறம் இந்த ஊரு கத்தரிக்காயப் பாத்துப் பயந்த பயம் எந்த சாமியப் பாத்தும் பயந்ததில்ல. சோறு திங்கப் போற புள்ளைக்குத்தான் காய்க்குதுன்னு அதுவரைக்கும் தெரிஞ்ச ஊரு, கொறைஞ்சா சாவுன்னு தீர்மானம் பண்ணிருச்சு. விடிஞ்சா போதும், அம்மாக்காரிக தோட்டத்து வேலியில வந்து நிப்பாளுக. நான் எண்ணுறேன், அவளுக வாயசைக்கிறாளுக. முப்பத்தாறுன்னு நான் சொல்ற வரைக்கும் ஒருத்தி மூச்சு விடமாட்டா. கொறைஞ்சிரக் கூடாதுன்னு காய்ச்சல் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து ஒக்கார வச்சாளுக. ஒரு கல்யாணம் காட்சிக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போறதில்ல. அம்மை போட்ட புள்ளைய வேப்பெலையோட கொண்டாந்து வாசல்ல கெடத்துனா ஒருத்தி, அவள வெரட்டி அனுப்ப டீச்சரு பட்ட பாடு! டவுனுலேருந்து ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்தான் பாரு, பேண்டும் டையுமா, வெள்ளரிப்பிஞ்சாட்டம் பய. வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு, "ஆயா, இன்னிக்கு எத்தனை?"ன்னு எங்கிட்டயே கேக்குறான். கரண்டியத் தூக்கிக்கிட்டுப் போனேன். ரோடு வரைக்கும் ஓடுனான்.

ஒரு நா, முப்பத்தாறுல ஒண்ணு என் கையில ஒரு மாதிரியா வந்துச்சு. தொட்டதும் கழண்டு விழுந்துச்சு. பாத்தா, சந்தைக் கத்தரிக்கா, யாரோ சவுரி கட்டுற கறுப்புக் கயித்துல செடியில கட்டி வச்சிருக்கா. எம் புள்ளைக்கு இருக்கட்டும்னு எவளோ ஒரு தாயி ராவோட ராவா வந்து கட்டிட்டுப் போயிருக்கா. யாருன்னு நான் கேக்கல. எல்லா அம்மாக்காரி கொண்டையையும் ஒரு தரம் பாத்தேன், அம்புட்டுத்தான்.

அன்னிக்கு நெசக் கணக்கு முப்பத்தஞ்சு. ஒண்ணு கொறை. நான் சொல்லித் தொலைச்சுட்டேன். அப்ப நடந்ததத்தான் நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் சுகன்யா. முப்பத்தாறு புள்ளையையும் ஒரே ரூம்புல அடைச்சு, கையோட கை கோத்து உக்கார வச்சு, வெளிய தாய்மாருக நின்னாக. ஒருத்தி புள்ளைய ஒருத்தி பாத்தாக. எப்படிப் பாத்தாகன்னு உனக்கு எப்படிச் சொல்ல? நேத்து வரைக்கும் ஒரே கொழாயடியில கொடத்த மாத்தி மாத்தி வச்சவளுக. அந்தா அந்த நோஞ்சானா இருக்கட்டும், அந்தச் சளி ஒழுகுறதா இருக்கட்டும், ஆத்தா மாரி, எம் புள்ளையா மட்டும் இருந்துறக் கூடாதுன்னு கண்ணு பேசுச்சு. எனக்குத் தெரிஞ்ச பார்வைதான். தை மாசம் புதன்கெழமை நான் பாத்த பார்வை அது. என் பங்குக்கு நானும் சாதனாவத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

சாயந்தரம் வரைக்கும் ஒண்ணும் ஆகல. கடைசியில பாத்தா நாலாப்புப் பய ஒருத்தனுக்குக் கடவாப் பல்லு வலி, அன்னிக்கு அவன் சோத்தையே தொடல. தட்டு அப்படியே இருக்கு. அம்புட்டுத்தான் விசயம். காயி சாவச் சொல்லல, தட்டத்தான் சொல்லுச்சு. ஊரு சிரிச்சுச்சு, பயலுக்கு ரெண்டு சாத்தும் விழுந்துச்சு. ஆனா சிரிச்சவளுக ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்கல.

தரணியோட ஆத்தா காளீஸ்வரி இருக்காளே, அவ மட்டும் அந்த வேலிக்கு வர்றதில்ல. அவளுக்கு எண்ண என்ன இருக்கு? ஒரு நா நானே அவ வீட்டுக்குப் போயி, எட்டு மணி, எட்டரை மணி எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன். சொன்னா என்னைய அடிப்பா, மண்ண வாரித் தூத்துவான்னு நெனச்சுத்தான் போனேன். அவ எனக்குக் குடிக்கத் தண்ணி மோந்து குடுத்தா. பெறகு, "உங்க பேத்தி இருமல் நின்னுருச்சா அயித்த?"ன்னு கேட்டா. அடிச்சிருக்கலாம் அவ. மறுநாள்லேருந்து தோட்டத்துக்குத் தண்ணி ஊத்த வந்துட்டா.

இப்பத்தான் பல்லிக்கு வாரேன்.

ராசமாணிக்கம் இந்தப் பள்ளிக்கூடத்துல என் கையால சத்துணவு தின்னு வளந்தவரு. ரோடு காண்ட்ராக்டு எடுத்து இன்னிக்குப் பெரிய ஆளு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன், என்னையக் கண்டா வண்டிய நிறுத்தி எறங்கிக் கும்புடுவாரு. அவரு மகளுக்குப் பொறந்தநாளு, பள்ளிக்கூடத்துப் புள்ளைக எல்லாத்துக்கும் கோழி பிரியாணி போடணும்னு ஆசைப்பட்டாரு. டீச்சரு வேணாம்னுதான் சொல்லிப் பாத்தாக, நம்ம ஊருக் காயி, நம்ம ஊரு தானியம்னு எழுதி ஒட்டியிருக்கிற செவத்தக் காட்டிக்கூடச் சொன்னாக. அவரு மொகம் வாடிப் போச்சு. "டீச்சர், நான் படிக்கையில முட்டை வாரத்துக்கு ஒண்ணு. கறிங்கிறத தீவாளிக்குத்தான் பாத்தேன். ஒரு நாளு அதுக வயிறாரத் திங்கட்டும், அம்புட்டுத்தான் நான் கேக்குறது"ன்னாரு. டீச்சரு, சரி, ஒரு நாளுதானேன்னு ஒத்துக்கிட்டாக.

பொறந்தநாளு வந்த வியாழக்கெழமை கூடையோட போனேன். காளீசு பாத்திக்குத் தண்ணி கட்டிக்கிட்டிருந்தா. நான் செடி செடியா வெலக்குறேன், எல நிமுத்திப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. பூ இருக்கு, பிஞ்சு இருக்கு, காயி இல்ல. லாபம்னு சொல்லக்கூட ஒண்ணு இல்ல. ஞாயித்துக்கெழம மாதிரி நிக்குது தோட்டம், ஆனா அன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லத்தா. காளீசு தண்ணிய விட்டுட்டு நிமுந்து என்னையப் பாத்தா. நான் அவளப் பாத்தேன்.

உன் வாயி சொல்ல வர்றது எனக்குத் தெரியுது. இன்னிக்குப் பிரியாணி, அதனால கத்தரிக்கா வேணாம், அதான் காய்க்கல, அம்புட்டுத்தானே ஆயான்னு கேப்ப. கேளு. காளீசும் அதத்தான் சொன்னா. "பிரியாணி திங்கப் போகுதுக, அதனால இருக்கும் அயித்த"ன்னா. நானும் அதத்தான் எனக்குச் சொல்லிக்கிட்டேன். பல்லு வலிக்காரப் பய கதை தெரிஞ்சதுதானே. ஆனா அதே தோட்டம்தானே தை மாசமும் ஒண்ணு கொறைச்சுச்சு? வேற சோறு திங்கப் போறதுனால காயி இல்லையா, திங்க ஆளே இல்லாமப் போறதுனால காயி இல்லையா, எதுக்குன்னு அது சொல்லலையே! செடிக்கு வாயா இருக்கு?

குட்டியானை வண்டியில ரெண்டு அண்டா வந்து எறங்குச்சு. வெயிலு. டவுனுலேருந்து ஒண்ணரை மணி நேரம் மூடி போட்டு வந்த அண்டா. பலூன் கட்டியிருக்காக, மைக்குல பாட்டு, புள்ளைக வரிசையா உக்காந்து தட்ட வச்சுத் தாளம் போடுதுக. ராசமாணிக்கத்தோட மவ பட்டுப்பாவாடை கட்டி அப்பன் கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. எல்லாரும் கேக்கு வெட்டுற பக்கம் திரும்பிட்டாக. அண்டாகிட்ட நான் மட்டும் நிக்கிறேன். மூடியத் தெறந்து மோந்து பாத்தேன். நல்ல வாசம். கெட்ட வாசம் வந்திருந்தா எம்புட்டு நல்லாயிருந்திருக்கும்! வாசம் கமகமன்னு வருது.

தட்ட வச்சு உக்காந்திருக்கிற வரிசையப் பாத்தேன். மொதல்ல சாதனாவத்தான் பாத்தேன், பொய் சொல்லக்கூடாது. அதக் கூப்பிட்டு, வயிறு சரியில்ல, வீட்டுக்குப் போடின்னு அனுப்பிறலாம்னு ஒரு நிமிசம் நெனச்சேன். வாயக்கூடத் தெறந்துட்டேன். அப்ப வேலிக்கு அங்கிட்டு காளீசு மம்பட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சுச்சு. தெறந்த வாயில, "அய்யய்யோ பல்லி!"ன்னு கத்திப்புட்டேன்.

அப்புறம் நடந்தத ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். எங்க பல்லி, காட்டுன்னாரு ராசமாணிக்கம். கரண்டியால அள்ளி வேலிக்கு வெளிய வீசிட்டேன்னேன். ஒரு அண்டாவுலதானே, அடுத்த அண்டாவப் போடுன்னாரு. அதுலயும் இதே கரண்டியத்தான் விட்டேன்னேன். அவரு மொகம் செவந்து போச்சு. ரெண்டு அண்டாவுலயும் கையவிட்டு ஒவ்வொரு பிடி அள்ளி, எல்லாரும் பாக்க வாயில போட்டு மென்னு முழுங்குனாரு. "பாருங்க! செத்தா போயிட்டேன்? நானும் இந்த மண்ணுல உக்காந்து தின்னவன்தான் ஆயா, எங் கையால இதுக ஒரு வாய் திங்கக் கூடாதா?"ன்னு கேட்டப்ப அவரு கண்ணு கலங்கிருச்சு. அந்தச் சின்னக் குட்டி பாவாடையக் கசக்கிக்கிட்டு அழுகுது. டீச்சரு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாக. அவுகளுக்குத் தெரியும், காலையில எத்தனைன்னு கேட்டாகல்ல, நான் பதில் சொல்லலல்ல. பல்லின்னு ஒரு வார்த்த வந்துட்டா புள்ளைகளுக்குப் போடக் கூடாதுன்னு சொல்லி, அண்டாவ மூடச் சொல்லிட்டாக.

தென்னந்தோப்புல குழி வெட்டிக் கொட்டுனாக. நாய் தின்னுச்சு, காக்கா தின்னுச்சு. நாயி வாசல்ல படுத்து ஏப்பம் விடுது. ராசமாணிக்கம் இன்னிக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, நல்லா இருக்கட்டும். அன்னிக்குப் புள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு இருந்தத கொண்டாந்தாக, கம்மங்கூழு, கேப்பப் புட்டு, ஒரு வீட்டுல பழைய சோறு. மூணு மணிக்குத்தான் வாயில வச்சுதுக. மறுவாரம் எனக்குக் கடுதாசி வந்துச்சு, வேலைக்கு வர வேணாம்னு. நீ கேட்டியே வந்ததும் வராததுமா, அவரு தின்னுட்டு நல்லாத்தானே இருக்காரு, அப்ப நீங்க செஞ்சது வீண் வேலைதானேன்னு? இருக்கலாம்த்தா. அப்பன் தின்ன ஒரு பிடி வேற, நாலு வயசு அஞ்சு வயசு வயிறு வேறன்னு நான் வக்காலத்துப் பேச மாட்டேன். எனக்குத் தெரியல. ஒரு அப்பன அழ வச்சிருக்கேன், ஒரு புள்ளையோட பொறந்தநாளக் கெடுத்திருக்கேன். இந்தப் பக்கம் முப்பத்தாறு புள்ளை உசுரோட இருக்கு. ரெண்டும்தான் எனக்குத் தெரியும்.

புது ஆயா வந்த நாள்லேருந்து பள்ளிக்கூடத்துப் பாத்தி பூத்ததோட சரி, காயே புடிக்கல. டீச்சரு உரம் வச்சுப் பாத்தாக, வேப்பங்கரைசல் தெளிச்சாக, ஒண்ணும் நடக்கல. மூணாவது வாரம் எங் கொல்லையில, பாத்திரம் வெளக்குற தண்ணி ஓடுற எடத்துல தன்னால மொளச்சு நின்னுச்சு கத்தரி. நான் ஊனல. காளீசு மேல சத்தியமா ஊனல. காயி புடிச்சப்ப எண்ணிப் பாக்கல, ஆனா கூடை கனம் எனக்குத் தெரியுமே, இருபத்தாறு வருசத்துக் கை.

அதுலேருந்து இப்படித்தான். காலையில காளீசு பறிப்பா, நான் அரிவேன், டீச்சரு ஆளனுப்பி வாங்கிக்கிருவாக. முன்ன மாதிரி முழுசாப் போடுறதில்ல. எல்லாத்தையும் பொடிசா அரிஞ்சு ஒரே சட்டியில தண்ணியில போட்டுட்டா யாருது எதுன்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணு கொறைஞ்சாலும் எல்லாத் தட்டுலயும் கொஞ்சம் கொறையும். வேலியில வந்து நிக்க வேலியும் இல்ல. தாய்மாருக மறுபடியும் கொழாயடியில கொடத்த மாத்தி வச்சுக்கிறாளுக. பயம் போயிருச்சான்னு கேக்காத. எண்ணுனா ஒரு பயம், எண்ணாட்டி ஒரு பயம். எண்ணுற பயத்துல அடுத்தவ புள்ளையப் பாத்து எச்சி முழுங்குறோம். எண்ணாத பயத்துல எல்லாப் புள்ளையையும் தேடிக்கிட்டுத் திரியிறோம். தெருவுல ஒரு புள்ள தனியாப் போனா இப்ப எவளும் சும்மா விடுறதில்ல, பாத்தியா? உன் மவனையே காலையில நாலு பேரு கையப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டாளுகளே, அதுக்கு நீ மொணங்குனியே.

இன்னிக்குத்தான் அவனுக்கு மொத நாளு. அவனோட சேத்து முப்பத்தேழு. நீ கத்தரிக்கா பொய்யின்னு சண்ட போடத்தான் வந்தேன்னு சொல்ற, ஆனா வந்ததுலேருந்து உங் கண்ணு எங் கொல்லக் கதவத் தாண்டித் தாண்டிப் போகுது. முப்பத்தாறா, முப்பத்தேழான்னு பாக்கணும் உனக்கு. ஒரே ஒரு தரம் எண்ணிப் பாருங்க ஆயான்னு கையப் புடிக்கிற. விடு. உங் கை எம்புட்டுச் சில்லுன்னு இருக்கு! முப்பத்தேழு இருந்துச்சுன்னா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவ. இல்லைன்னா? இல்லைன்னா இந்தத் தெருவுல எந்த வீட்டுப் புள்ளையப் பாத்து, இதா இருக்கட்டும் சாமின்னு கேப்ப? எனக்கும் பாக்கணும்போலத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னா போ, போயி வாசல்ல நில்லு, உம் மவன மட்டும் பாக்காத, முப்பத்தேழையும் பாரு. நான் அருவாமனைய எடுத்துப் போட்டுட்டேன்.

ஏ காளீசு! பறிச்சாச்சா? இருக்கிறது இருக்கட்டும்டி, எண்ணாத. எண்ணாம அப்படியே கூடையோட உள்ள கொண்டா!